பூங்காவுக்குப் பெயர் சுதந்திரம்: மயாமியில் ஒரு கால்பந்து கிளப் கேட்ட நிலம்

2023 ஜூலையில் லயோனல் மெஸ்ஸி இன்டர் மயாமி கிளப்பில் சேர்ந்ததும் அந்த இளஞ்சிவப்பு ஜெர்சி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மெஸ்ஸி போட்ட கோல்களின் கணக்கு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கிளப் தன் நகரத்திடம் என்ன கேட்டது, எந்த நிலத்தைக் கேட்டது, அந்த நிலத்துக்கு முன்னால் வேறு யாருடைய நிலத்தின் மேல் கண் வைத்தது என்பதெல்லாம் விளையாட்டுப் பக்கங்களில் வருவதில்லை. அவற்றைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

கிளப்பின் உரிமையாளர்கள் முன்வைத்த திட்டத்தின் பெயர் 'மயாமி ஃப்ரீடம் பார்க்', அதாவது சுதந்திரப் பூங்கா. இடம், மயாமி விமான நிலையத்தை ஒட்டி நகராட்சிக்குச் சொந்தமாக இருந்த 131 ஏக்கர் மெல்ரீஸ் கோல்ஃப் மைதானம். அதில் 73 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, 25,000 பேர் உட்காரும் ஸ்டேடியம், 750 அறைகள் கொண்ட ஓட்டல், கடைகள், அலுவலகங்கள், உணவகங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கேளிக்கை வளாகம் கட்டுவார்கள். மீதி 58 ஏக்கர் பொதுப் பூங்காவாகும். ஸ்டேடியத்தைத் தங்கள் காசிலேயே கட்டுவதாகவும், வேலையும் வரி வருமானமும் நகரத்துக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

சுதந்திரம் என்ற சொல்லை ஒரு பூங்காவுக்குச் சூட்டும்போது, அந்த நகரத்தில் பூங்காவுக்குள் நுழைய யாருக்குச் சுதந்திரம் இருந்தது என்று கேட்பதுதான் முறை.

மயாமி நகரம் உருவானதே கறுப்பின மக்களின் கையெழுத்தால். 1896 ஏப்ரலில் ஹென்றி ஃபிளாக்லரின் ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்தது. காட்டை வெட்டியவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், ஓட்டலுக்குக் கல் சுமந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். பஹாமாஸ் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அதே ஆண்டு ஜூலை 28 அன்று நகரமாகப் பதிவு செய்ய வாக்கெடுப்பு நடந்தது. சட்டப்படி 300 வாக்காளர் வேண்டும். வெள்ளையர் மட்டும் என்றால் ஆள் போதாது. ஆகவே கறுப்பினத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். வாக்களித்த 368 பேரில் 162 பேர் கறுப்பர்.

வாக்கு எண்ணி முடித்ததும் அவர்களின் தேவை தீர்ந்தது. நில விற்பனைப் பத்திரங்களில் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று எழுதினார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வடமேற்கு மூலையில் ஒரு துண்டு நிலம் மட்டும் அவர்களுக்கு. அதற்குப் பெயர் 'கலர்டு டவுன்'. பிறகு ஓவர்டவுன் என்று ஆனது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம்; நடுவில் ஓடையோ வயலோ இருக்கும். மயாமியில் நடுவே ரயில் தண்டவாளம் இருந்தது.

தேர்தல் வரியும், வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கக்கூடிய முதனிலைத் தேர்தலும் வந்து, நகரத்தை உருவாக்க வாக்களித்த சமூகத்தையே வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. 1939இல் நகராட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவு கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் ஓவர்டவுனுக்குள் கார்களில் ஊர்வலம் போய்ச் சிலுவைகளைக் கொளுத்தியது. தூக்குக் கயிற்றில் உருவப் பொம்மைகளைத் தொங்கவிட்டது. மறுநாள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். இந்த வரலாற்றில் அவர்கள் ஒருபோதும் வெறும் பலியாட்களாக இருந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

1937இல் கறுப்பினக் குடும்பங்களுக்காக லிபர்ட்டி ஸ்கொயர் என்ற அரசுக் குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடு கொடுத்த கையோடு, பக்கத்தில் இருந்த வெள்ளையர் பகுதியையும் இதையும் பிரிக்க ஒரு சுவரும் எழுப்பினார்கள். அதன் மிச்சம் இப்போதும் நிற்கிறது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவரைப் பார்த்தவர்கள், இந்த மயாமிச் சுவரின் படத்தைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள்.

இனி விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வருவோம். உழைக்கும் இடத்தில் எங்களை வைத்துக்கொள்பவர்கள் ஓய்வெடுக்கும் இடத்தில் மட்டும் எங்களைச் சேர்ப்பதில்லை. சாதியும் நிறவெறியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. வயலில் நாற்று நடும் கை தீட்டில்லை. அதே கை ஊர்க்குளத்தில் இறங்கினால் தீட்டு. மயாமியும் அப்படித்தான். ஓட்டல்களில் சமைக்கவும் துவைக்கவும் தோட்டம் பராமரிக்கவும் கறுப்பர் வேண்டும். அந்த ஓட்டலுக்கு எதிரே இருக்கும் கடலில் அவர்கள் கால் நனைக்கக் கூடாது.

மயாமி பீச்சின் ஓட்டல்களில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் நேட் கிங் கோலும் பாடுவார்கள். கூட்டம் கை தட்டும். பாட்டு முடிந்தால் அந்த ஓட்டலில் அவர்களுக்கு அறை கிடையாது. ஓவர்டவுனுக்கு வந்துதான் தூங்க வேண்டும். அதனால் ஓவர்டவுனின் இரண்டாவது அவென்யூவில் இரவெல்லாம் இசை நடந்தது. 1913இல் ஒரு கறுப்பின வணிகர் கட்டிய லிரிக் தியேட்டரும், ஓட்டல்களும், கிளப்புகளும் சேர்ந்து 'லிட்டில் பிராட்வே' என்று அந்தத் தெருவுக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஒதுக்கி வைத்த இடத்தையே ஒரு கலை நகரமாக்கியது அந்த மக்களின் சாதனை; ஒதுக்கியவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

கடல் வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவில்லை. டி. ஏ. டார்சி என்ற கறுப்பினச் செல்வந்தர் 1918இல், தன் மக்களுக்கு ஒரு கடற்கரை வேண்டும் என்பதற்காக மயாமி பீச்சின் தென்முனைக்கு அருகில் ஒரு தீவையே வாங்கினார். அடுத்த ஆண்டே விற்க நேர்ந்தது. அந்தத் தீவு இன்று ஃபிஷர் ஐலண்ட்; அமெரிக்காவிலேயே பெரும் பணக்காரர்கள் குடியிருக்கும் இடங்களில் ஒன்று.

1945 மே 9 அன்று லாசன் தாமஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் சில கறுப்பின ஆண்களும் பெண்களும் ஹாலோவர் கடற்கரைக்குப் போய், வெள்ளையர் மட்டும் குளிக்கும் கடலுக்குள் இறங்கினார்கள். கைது செய்தால் வழக்காடலாம் என்பது திட்டம். போலீஸ் வந்தது, கைது செய்யவில்லை. 1927இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளியது நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டு இடத்திலும் கேள்வி தாகமோ குளியலோ அல்ல. 'பொது' என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதில் நாங்கள் உண்டா என்பதே கேள்வி.

நகரம் கொடுத்த பதில் சமத்துவம் அல்ல, தனிக் கடற்கரை. 1945 ஆகஸ்ட் 1 அன்று வர்ஜீனியா கீ தீவில் 'நிறத்தவருக்கு மட்டும்' ஒரு கடற்கரை திறக்கப்பட்டது. அப்போது பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். ஆனாலும் மக்கள் போனார்கள். அங்கே ராட்டினம் வந்தது, குட்டி ரயில் வந்தது, நடன மேடை வந்தது. ஞாயிறுகளில் கடலில் ஞானஸ்நானம் நடந்தது. கறுப்பின மயாமிக்கு வாய்த்த கேளிக்கைப் பூங்கா அதுதான். அதே தீவில்தான் நகரத்தின் குப்பைக் கிடங்கையும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் கொண்டுபோய் வைத்தார்கள். நம்மூரில் குப்பைமேடு எந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வரும் என்பதை வரைபடம் பார்க்காமலே நாம் சொல்லிவிடுவோம் அல்லவா, அதே கணக்கு.

கோல்ஃப் கதையும் உண்டு. நகராட்சிக்குச் சொந்தமான மயாமி ஸ்பிரிங்ஸ் மைதானத்தில் கறுப்பர்கள் வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் ஆடலாம் என்று விதி. எல்லோரின் வரிப்பணத்தில் நடக்கும் மைதானம். ஆறு நாள் வெள்ளையருக்கு, ஒரு நாள் இவர்களுக்கு. ஜோசப் ரைஸ் என்பவர் 1949இல் வழக்குப் போட்டார். ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் விதியில் தவறில்லை என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. ஃபுளோரிடா நீதிமன்றம் மறுபடியும் அதையே சொன்னது. இன்று 'நகரத்தின் பொதுச் சொத்தான கோல்ஃப் மைதானம்' என்று பேசும்போது, அந்தப் 'பொது' எவ்வளவு காலம் ஒரு நிறத்துக்கு மட்டும் பொதுவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இது மயாமியோடு முடிந்த விஷயமும் அல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், அட்லாண்டாவின் ஃபன்டவுன் கேளிக்கைப் பூங்காவுக்குள் கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லை என்பதைத் தன் ஆறு வயது மகளுக்கு எப்படிச் சொல்வது என்ற வேதனையை எழுதினார். அரசியல் உரிமைகளைப் பற்றிய அந்தக் கடிதத்தில் ராட்டினத்துக்கும் இடம் இருந்தது, ஏனென்றால் ஒரு குழந்தைக்கு அவமானம் முதலில் தெரியவருவது அங்கேதான். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகும் சிலர் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஆர்கன்சாவில் லேக் நிக்சன் என்ற ஏரிப் பூங்கா தன்னைத் 'தனியார் கிளப்' என்று அறிவித்துக்கொண்டது. 25 சென்ட் கொடுத்தால் எந்த வெள்ளையரும் உறுப்பினர், எந்தக் கறுப்பரும் உறுப்பினரல்ல. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நாடகத்தை ஏற்க மறுத்தது. 'கிளப்' என்ற சொல்லைக் கேட்கும்போது யார் உள்ளே, யார் வெளியே என்று நாம் கேட்பது பழக்கதோஷம் அல்ல. வரலாறு கற்றுக்கொடுத்த எச்சரிக்கை.

சட்டம் கதவைத் திறந்த அதே 1960களில் ஓவர்டவுனின் நடு மார்பில் நெடுஞ்சாலை இறங்கியது. ஐ-95, ஐ-395 என்ற இரண்டு விரைவுச்சாலைகளும் சந்திக்கும் இடத்தை அந்தக் குடியிருப்பின் மேலேயே கட்டினார்கள். வீடுகளும் கடைகளும் தேவாலயங்களும் போயின. 40,000 பேர் வாழ்ந்த இடத்தில் சுமார் 10,000 பேர் மிஞ்சினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 'வளர்ச்சி' என்றார்கள்.

அடுத்து வந்த வளர்ச்சி விளையாட்டு உடையில் வந்தது. 1988இல் கூடைப்பந்து அணிக்காக ஓவர்டவுனில் மயாமி அரீனா திறக்கப்பட்டது. அரங்கம் வந்தால் கடை வரும், வேலை வரும், பகுதி தலைநிமிரும் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அணி கடலோரத்துப் புது அரங்கத்துக்குப் போய்விட்டது. 2008இல் அரீனா இடிக்கப்பட்டது. ஒரு மனிதனின் இளமைக்கூட நிலைக்காத அந்தக் கட்டடத்தால் ஓவர்டவுன் தலைநிமிர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

2012இல் லிட்டில் ஹவானாவில் பேஸ்பால் ஸ்டேடியம் வந்தது. கட்டுமானச் செலவின் பெரும்பகுதி மக்கள் பணம். அந்த ஒப்பந்தத்துக்கும் வரி உயர்வுக்கும் எதிரான கோபத்தில் மாவட்ட மேயரையே 2011இல் மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள். அணியின் உரிமையாளரோ 2017இல் அணியை 120 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்.

இந்தப் பின்னணியில்தான் டேவிட் பெக்காம் வந்தார். 2014இல் மயாமிக்கு ஒரு கால்பந்து அணி கொண்டுவருவதாக அறிவித்தார். முதலில் துறைமுகத்தில் ஸ்டேடியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பிறகு கடலோரப் பூங்காவை ஒட்டிய இடம், அதுவும் கிடைக்கவில்லை. 2015 கடைசியில் ஓவர்டவுனைத் தேர்ந்தெடுத்தார்கள். தனியாரிடம் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். ஏலம் இல்லாமல் மூன்று ஏக்கர் அரசு நிலத்தை 2017இல் 90 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்புதலும் பெற்றார்கள். அதை எதிர்த்து வழக்கு நடந்தது.

ஓவர்டவுன் மக்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வேலை கிடைக்குமே என்றவர்கள் இருந்தார்கள். வாடகை ஏறும், நெரிசல் வரும், மிச்சம் இருப்பவர்களும் கிளம்ப வேண்டியதுதான் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு பேச்சும் நியாயமானவை. வறுமையில் வைக்கப்பட்ட மக்களிடம் 'வேலையா, வீடா' என்று கேட்பதே அநீதி. வசதியானவர்களின் தெருவில் யாரும் இந்தக் கேள்வியோடு வருவதில்லை. இந்த வரிசையைக் கவனியுங்கள். கடலோரம் இல்லை என்றானதும் கண் போன இடம் ஓவர்டவுன்.

2018 ஜனவரியில் அணி உறுதியானது. அந்த ஆண்டு ஜூலையில் குழு ஓவர்டவுனை விட்டு மெல்ரீஸுக்கு நகர்ந்தது. ஏலமின்றிப் பேரம் பேச நகரத்துக்கு அனுமதி தரலாமா என்று நவம்பர் 6 அன்று வாக்கெடுப்பு நடந்தது; சுமார் 60 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று நகர ஆணையம் 4-1 என்று குத்தகைக்கு ஒப்புதல் தந்தது.

மெல்ரீஸ் மண்ணுக்கு அடியில் இன்னொரு கதை இருந்தது. அங்கே நகராட்சியின் குப்பை எரிஆலைச் சாம்பலைக் கொட்டி, அதன் மேல் புல் வளர்த்திருந்தார்கள். நச்சு கலந்த அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவைக் கிளப் ஏற்க முன்வந்தது. நல்லதுதான். ஆனால் சாம்பல் அங்கே மட்டும் இல்லை. மேற்கு கோகனட் குரோவ் என்ற பஹாமிய வம்சாவளிக் கறுப்பர் குடியிருப்பில், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு அருகிலேயே, 'ஓல்டு ஸ்மோக்கி' என்ற குப்பை எரிஆலை 1925 முதல் 1970 வரை புகைந்தது. காயப்போட்ட துணியில் கரி படியும் என்று அந்தப் பெண்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வசதியான நகரமான கோரல் கேபிள்ஸ் வழக்குப் போட்ட பிறகுதான் அது மூடப்பட்டது. 2013இல் பழைய ஆலை இருந்த இடத்து மண்ணில் நச்சு இருப்பது வெளியே வந்தது. சோதித்துப் பார்த்தபோது நகரத்தின் வேறு பூங்காக்களின் அடியிலும் எரிஆலைச் சாம்பல் இருந்தது. பெரும் பணம் வரும் இடத்தில் சாம்பலை அள்ளிப்போட ஆள் வருகிறது. ஏழைப் பிள்ளைகள் விளையாடும் பூங்காவில் வேலி போட்டுப் பூட்டுவதோடு நிற்கிறது.

அந்த ராட்டினக் கடற்கரை என்னவாயிற்று? பராமரிக்கப் பணமில்லை என்று 1982இல் வர்ஜீனியா கீ பூங்காவை நகரம் மூடியது. 1990களின் இறுதியில் அதைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் திரண்டார்கள். மயாமி நகர ஆணையத்தின் முதல் கறுப்பின உறுப்பினரான ஆத்தலி ரேஞ்ச் அந்தப் போராட்டத்துக்கு முன்னின்றார். ஓர் அறக்கட்டளை அமைந்து, 2008இல் பூங்கா மீண்டும் திறந்தது. 2022 அக்டோபரில், சுதந்திரப் பூங்காவுக்குக் கையெழுத்துப் போட்ட ஆறே மாதத்தில், அதே நகர ஆணையம் அந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவை நீக்கிவிட்டுத் தன் உறுப்பினர்களையே அங்கே உட்கார வைத்தது. கணக்கு வழக்கில் குறை என்பது சொல்லப்பட்ட காரணம். குறை இருந்தால் திருத்தலாம். மக்கள் போராடி மீட்ட இடத்தின் சாவியை ஏன் பிடுங்க வேண்டும்?

ஒரு தனியார் கிளப்புக்கு 99 ஆண்டு நம்பிக்கை கிடைக்கிறது. தங்கள் கடற்கரையைத் தாங்களே காப்பாற்றிய மக்களுக்குப் பதினைந்து ஆண்டு நம்பிக்கைகூடக் கிடைப்பதில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வரலாறு படிப்பது.

மயாமியைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கை நாம் படிப்பதும் நம் வழக்கை அவர்கள் படிப்பதும் புதிதல்ல.

இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் இதே சொல்லைப் பற்றியதுதான். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் என்று அது சொன்னது. நூறாண்டு ஆகிறது. ஆனாலும் 'பொது மயானம்' என்று எழுதிய பலகையைத் தாண்டி நம் பிணம் போக முடியாத ஊர்கள் இருக்கின்றன.

விளையாட்டுக்கு நாம் எதிரி அல்ல. மெஸ்ஸியின் ஆட்டத்தை ரசிப்பதில் தவறும் இல்லை. ஸ்டேடியமும் ராட்டினமும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். நாம் கேட்பது வேறு. பொது நிலத்தை ஒரு கிளப்புக்குக் கொடுக்கும் நாளில், அந்த நகரத்தின் சாம்பலையும் நெடுஞ்சாலையையும் சுவரையும் இத்தனை நாள் சுமந்தவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எத்தனை வேலை, என்ன கூலி, எத்தனை வீடு, எந்தப் பூங்காவின் மண் எந்த ஆண்டுக்குள் சுத்தமாகும் என்று எண்ணில் எழுதுங்கள். வாய்மொழி வாக்குறுதிக்கு ஓவர்டவுன் ஏற்கெனவே ஓர் அரீனா அளவு விலை கொடுத்துவிட்டது.

நம்மூரில் நாளை ஒரு நிறுவனம் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ கேளிக்கைப் பூங்கா கட்ட வரலாம். வரைபடத்தில் நீலமும் பச்சையும் தீட்டி வைத்திருப்பார்கள். அப்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பச்சை தீட்டிய இடத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள் என்பதாக இருக்கட்டும்.